ஆவி பறக்காத கிண்ணம்

குவளையில் இருக்கும் பால் சூடாக இருக்கிறதா, ஆறிவிட்டதா என்பதைத் தொட்டுப் பார்க்காமலே சொல்ல நம் எல்லாருக்கும் ஒரு வழி தெரியும். ஆவி பறக்கிறதா என்று பார்ப்போம். பறந்தால் சூடு, இல்லையென்றால் ஆறிவிட்டது என்று பொருள். நடக்கத் தொடங்கும் குழந்தைகூட இந்த விதியைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. ஆனால் சீன நாட்டின் தென்மேற்குக் கோடியில் உள்ள யுன்னான் மாகாணத்தில், ஒரு சாதாரண உணவு விடுதியில் போய் உட்கார்ந்தால் இந்த விதி நம்மைக் கைவிட்டுவிடும். அங்கே மேசைமீது கொண்டுவந்து வைக்கப்படும் பெரிய கிண்ணத்துச் சூப்பிலிருந்து ஆவி எழுவதாகத் தெரிவதில்லை. அதன் மேற்பரப்பு அசைவற்றுக் கண்ணாடிபோல் பளபளக்கும். ஆறிய சூப் என்று எண்ணி ஒரு வாய் உறிஞ்சினால் நாக்கு வெந்துவிடும்!

சூடு இருக்கிறது, ஆவி இல்லை. இது எப்படி? இந்தக் கேள்விக்கு விடை தேடிப் புறப்பட்டால் வெப்பவியலில் நாம் படித்த பாடங்கள் பலவும் ஒரே கிண்ணத்துக்குள் கிடப்பதைக் காணலாம். அதோடு, சமையலறையில் பிறந்த ஓர் அறிவு எப்போது விஞ்ஞானம் ஆகிறது என்ற பெரிய கேள்விக்கும் வந்து சேருவோம்.

பாலம் கடந்த அரிசி நூல்

முதலில் அந்த உணவை அறிமுகம் செய்துகொள்வோம். அரிசி மாவைப் பிழிந்து செய்யும் நூடுல்ஸுக்குச் சீன மொழியில் 'மீசியன்' என்று பெயர். 'மீ' என்றால் அரிசி. 'சியன்' என்றால் நூல். யுன்னான் மக்களுக்குக் காலை உணவும் அதுதான், இரவு உணவும் அதுதான் என்று சொல்லும் அளவுக்கு மீசியன் கடைகள் தெருவுக்குத் தெரு உண்டு. அவற்றில் பரிமாறப்படும் வகைகளுள் மிகவும் புகழ்பெற்றது 'குவோச்சியாவ் மீசியன்'. 'பாலம் கடந்த அரிசி நூல்' என்பது அதன் நேர்ப்பொருள்.

மாகாணத் தலைநகரான குன்மிங்கில் அத்தகைய கடையொன்றில் நீங்கள் அமர்ந்திருப்பதாகக் கொள்ளுங்கள். உணவு ஆயத்த நிலையில் வராது. பகுதி பகுதியாக வரும். முதலில் கனத்த, ஆழமான கிண்ணம் நிறையச் சூப். கோழியையும் எலும்பையும் நெடுநேரம் கொதிக்கவைத்து எடுத்த சாறு அது. மேலே கோழிக்கொழுப்பு உருகிய எண்ணெய் ஓர் ஏடாக மூடியிருக்கும். அடுத்துச் சிறுசிறு தட்டுகள்: காகிதம்போல் மெலிதாகச் சீவிய பச்சை இறைச்சி, மீன் சீவல், காடை முட்டை, சோயாப்பால் ஏடு, வெங்காயத்தாள், கீரை, சில கடைகளில் செவ்வந்திப்பூ இதழ்கள். கடைசியாக ஒரு கிண்ணம் வெள்ளை வெளேரென்ற மீசியன். அடுப்பு எதுவும் உங்கள் மேசையில் இல்லை. சூப்பில் சேமித்து வைத்திருக்கும் வெப்பமே அடுப்பு. இறைச்சியை முதலில், காய்கறியை அடுத்து, மீசியனைக் கடைசியில் என்ற வரிசையில் நீங்களே போட வேண்டும். சில நிமிடங்களில் பச்சை இறைச்சி வெளுத்து வெந்துவிடும்.

ஏரித்தீவில் ஒரு மாணவர்

இந்தப் பெயருக்கு ஒரு கதை சொல்லுகிறார்கள். குன்மிங்குக்குத் தெற்கே மெங்ஸி என்னும் ஊர். அங்கே நான்ஹு, அதாவது தெற்கு ஏரி, என்று ஓர் ஏரி. அரசாங்கத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த ஒருவர் அந்த ஏரியின் நடுவே உள்ள தீவில் தனித்திருந்து படித்தாராம். அவர் மனைவி நாள்தோறும் பாலத்தைக் கடந்து உணவு கொண்டுபோவார். போய்ச் சேர்வதற்குள் உணவு ஆறிவிடும். படிப்பில் மூழ்கிய கணவரோ அதை உடனே உண்பதும் இல்லை. ஒருநாள் கொழுத்த கோழியொன்றைச் சூப் வைத்துக் கொண்டுபோனார் அம்மாது. நெடுநேரம் கழித்துத் தொட்டுப் பார்த்தபோதும் பாத்திரம் சுட்டது. மேலே மிதந்த எண்ணெயே காரணம் என்று அவர் கண்டுகொண்டார். அன்றுமுதல் எண்ணெய் மூடிய சூப்பைத் தனியாகவும் மீசியனைத் தனியாகவும் எடுத்துச் சென்று, தீவில் சேர்த்துக் கலந்து கொடுத்தார். பாலம் கடந்து போனதால் உணவுக்கு அந்தப் பெயர் வந்தது என்பது கதை.

கதையை அப்படியே வரலாறாக எடுத்துக்கொள்ளலாமா? கூடாது. இதே கதை பல வடிவங்களில் வழங்குகிறது. பக்கத்து ஊரான ஜியன்ஷுவே மக்கள் இந்த உணவு தங்கள் ஊரில் பிறந்தது என்பார்கள். மீசியனை ஒரு கிண்ணத்திலிருந்து மற்றொரு கிண்ணத்துக்குக் குச்சிகளால் இழுத்துப் போடும்போது அது பாலம்போல் தோன்றுவதால் வந்த பெயர் என்று வேறொரு விளக்கமும் உண்டு. சீனாவின் பழைய அரசாங்கத் தேர்வு முறை 1905-ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. ஆகவே கதை நடந்த காலமாகச் சொல்லப்படுவது அதற்கு முந்தைய மன்னராட்சிக் காலம் என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை.

ஆனால் கதையின் நடுவே ஓர் உண்மை இருக்கிறது. எண்ணெய் மூடிய சூப் மெல்ல ஆறுகிறது என்பதை யாரோ ஒருவர் முதலில் கவனித்திருக்க வேண்டும். கவனித்ததைப் பயன்படுத்தியும் இருக்க வேண்டும். கதையில் அந்த ஒருவர் அடுப்படியில் நிற்கும் பெண். அவருக்குப் பெயர்கூட இல்லை. இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

வெப்பம் எங்கே போகிறது?

ஒரு சூடான பொருள் வெப்பத்தை இழக்கும் வழிகளைப் பள்ளியில் படித்திருக்கிறோம்: கடத்தல், சலனம், கதிர்வீசல். திறந்த பாத்திரத்தில் உள்ள வெந்நீருக்கோ நான்காவதாக ஒரு வழியும் உண்டு. அதுதான் ஆவியாதல். கொதிநிலைக்கு அருகில் இருக்கும் நீரைப் பொறுத்தவரை மற்ற வழிகளைவிட இதுவே பெரிய இழப்பு.

ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 540 கலோரி வெப்பம் வேண்டும். இதை உள்ளுறை வெப்பம் என்கிறோம். இந்த வெப்பத்தை ஆவியாகும் நீர் எங்கிருந்து பெறும்? கிண்ணத்தில் எஞ்சியிருக்கும் சூப்பிலிருந்துதான். கிண்ணத்தில் 1000 கிராம் சூப் இருப்பதாகக் கொள்வோம். அது 1 டிகிரி குளிர 1000 கலோரி போக வேண்டும். நான்கு தேக்கரண்டி, அதாவது 20 கிராம் நீர் மட்டும் ஆவியானால் 10,800 கலோரி போய்விடும். சூப் கிட்டத்தட்ட 11 டிகிரி குளிர்ந்துவிடும்! நூற்றில் இரண்டு பங்கு நீர்தான் போயிற்று. கண்ணால் பார்த்தால் அளவு குறைந்ததே தெரியாது. ஆனால் அதனுடன் போன வெப்பமோ பெரிது.

இப்போது மேலே எண்ணெய் ஏட்டை மிதக்கவிடுவோம். எண்ணெய் நீரைவிட அடர்த்தி குறைந்தது. ஆகவே மேலேயே நிற்கும். சூப்பின் வெப்பநிலையில் அது ஆவியாவதில்லை என்றே சொல்லலாம். நீரின் மூலக்கூறுகளோ எண்ணெயில் எளிதில் கரைந்து கடந்து செல்ல இயலாதவை. ஆகவே மிகப் பெரிய வாயில் அடைபட்டுப் போகிறது. மேலும், எண்ணெயின் வெப்பங்கடத்து திறன் நீருடையதில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே. அடியிலிருந்து மேலெழும் சூடான சூப், காற்றைத் தொடமுடியாமல் எண்ணெய்க்குக் கீழேயே திரும்பிவிடுகிறது.

நாம் 'ஆவி' என்று பார்ப்பது உண்மையில் நீராவி அன்று. நீராவி கண்ணுக்குத் தெரியாது. அது மேலே எழுந்து குளிர்ந்த காற்றில் மீண்டும் நுண்துளிகளாகும்போதுதான் வெண்புகைபோல் தெரிகிறது. எண்ணெய் ஏட்டுக்கு மேலே நீராவியே வராதபோது வெண்புகை எங்கிருந்து வரும்? கிண்ணம் ஆவி விடாததற்கும் சூடு தணியாததற்கும் காரணம் ஒன்றே என்பது இப்போது விளங்குகிறது அல்லவா? புதியவர்கள் நாக்கைச் சுட்டுக்கொள்வதற்கும் அதுவே காரணம். குச்சியால் ஏட்டைக் கலைத்துப் பாருங்கள். அந்த இடத்தில் வெண்புகை குபுக்கென்று எழும்.

மூடி வைத்தால் போதாதா?

'இதற்கு எண்ணெய் எதற்கு? ஒரு தட்டைப் போட்டு மூடினால் போதாதா?' என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. வெப்பத்தைக் காக்க மூடியும் உதவும். ஆனால் உண்ணும்போது மூடியைத் திறந்தாக வேண்டும். திறந்த அக்கணமே ஆவியாதல் தொடங்கிவிடும். எண்ணெய் ஏடோ ஊடுருவக்கூடிய மூடி. இறைச்சியைப் போடலாம், அது ஏட்டைக் கிழித்துக்கொண்டு உள்ளே போகும். கிழிந்த இடம் உடனே தானாக மூடிக்கொள்ளும். கரண்டி போகலாம், வரலாம். திறந்தும் மூடியும் இருக்கும் ஒரே மூடி இது. மேசையில் வைத்தே சமைக்கும் உணவுக்கு இதைவிடப் பொருத்தமான மூடி கிடையாது.

கதை சொல்லாமல் விட்டது

கதை எல்லாப் பெருமையையும் எண்ணெய்க்கே கொடுத்துவிடுகிறது. ஆனால் இயற்பியல் வேறு ஒன்றையும் காட்டுகிறது. அது கிண்ணம்.

குன்மிங் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,890 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே வளிமண்டல அழுத்தம் குறைவு. ஆகவே நீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. ஏறத்தாழ 94 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. எவ்வளவுதான் விறகை எரித்தாலும் திறந்த பாத்திரத்தில் வெப்பநிலை அதற்குமேல் ஏறாது. சமையற்காரர் தம் கணக்கை 6 டிகிரி நட்டத்தோடு தொடங்குகிறார் என்று சொல்லலாம். அந்த நிலையில் ஒவ்வொரு டிகிரியும் முக்கியம்.

92 டிகிரியில் இருக்கும் 1000 கிராம் சூப்பை, அறை வெப்பநிலையில், அதாவது 20 டிகிரியில், இருக்கும் 1000 கிராம் எடையுள்ள பீங்கான் கிண்ணத்தில் ஊற்றுவதாகக் கொள்வோம். பீங்கானின் தன்வெப்பம் ஏறத்தாழ 0.2. சூப்பின் தன்வெப்பத்தை 1 என்று எடுத்துக்கொள்வோம். இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வரும்போது அது என்னவாக இருக்கும்? 1000 × 92 + 200 × 20 = 96,000. இதை 1200-ஆல் வகுத்தால் 80. ஆக, எண்ணெய் தன் வேலையைத் தொடங்கும் முன்பே கிண்ணம் 12 டிகிரியை விழுங்கிவிடுகிறது!

இதனால்தான் நல்ல கடைகளில் கிண்ணத்தை முன்கூட்டியே நன்றாகச் சூடாக்கி வைக்கிறார்கள். சூடேறிய கனத்த கிண்ணம் திருடன் அல்ல. அது சூப்புக்குத் துணையாக நிற்கும் வெப்பச் சேமிப்பு. எண்ணெய் மேற்புறத்தைக் காக்கிறது. கிண்ணம் மற்றப் பக்கங்களைக் காக்கிறது. ஒன்றில்லாமல் மற்றொன்று பயன்தராது. கதைகளில் ஒரு கண்டுபிடிப்பு ஒரே கணத்தில் நிகழ்ந்துவிடும். நடைமுறையிலோ பலர் பலகாலம் செய்து திருத்திய சிறு சிறு நுட்பங்கள் சேர்ந்தே ஒரு முறை உருவாகிறது.

எது முதலில்?

இறைச்சி முதலில், மீசியன் கடைசியில் என்றோமே, அது வெறும் சம்பிரதாயமா? அதையும் கணக்கிட்டுப் பார்ப்போம். சூடேற்றிய கிண்ணத்தில் 1000 கிராம் சூப், 92 டிகிரி. அதில் 20 டிகிரியில் உள்ள 50 கிராம் இறைச்சியைப் போடுகிறோம். இறைச்சி, மீசியன் ஆகியவற்றின் தன்வெப்பத்தை 0.8 என்று வைத்துக்கொண்டால், சூப் ஏறத்தாழ 89 டிகிரிக்கு இறங்கும். மூன்று டிகிரிதான் நட்டம். இறைச்சி வேக இது தாராளம்.

வரிசையை மாற்றி, 25 டிகிரியில் உள்ள 300 கிராம் மீசியனையும் காய்கறியையும் முதலில் கொட்டினால்? சூப் ஒரே வீழ்ச்சியாக 79 டிகிரிக்கு வந்துவிடும். அதன்பின் இறைச்சியைப் போட்டால் 77 டிகிரி. ஆக, வேகவேண்டிய பொருளுக்குக் கிடைப்பது 89-க்குப் பதிலாக 77. வரிசை மாறியதால் 12 டிகிரி இழப்பு. வேகாத இறைச்சியும் முட்டையும் நோய்க்கிருமிகளுக்கு இடம் கொடுப்பவை. ஆகவே இது சுவையைப் பற்றிய செய்தி மட்டுமன்று. உடல்நலத்தைப் பற்றியதும் ஆகும்.

இறைச்சியை மெலிதாகச் சீவுவதிலும் ஒரு விதி மறைந்திருக்கிறது. ஒரு பொருளின் நடுப்பகுதிக்கு வெப்பம் சென்று சேர ஆகும் காலம், அதன் தடிமனின் இருமடிக்கு ஏற்ப உயருகிறது. தடிமன் இரு மடங்கானால் காலம் நான்கு மடங்கு. ஐந்து மடங்கானால் காலம் இருபத்தைந்து மடங்கு. 2 மில்லிமீட்டர் சீவலின் நடுவே வெப்பம் சில விநாடிகளில் போய்ச் சேரும். 10 மில்லிமீட்டர் துண்டுக்கோ சில நிமிடங்கள் ஆகும். அதற்குள் சூப்பும் குளிரத் தொடங்கிவிடும். கத்தியின் கூர்மையே இங்கே நெருப்பின் வேலையில் பாதியைச் செய்கிறது.

அரிசி நூலாகும் விதம்

மீசியனைக் கடைசியில் போட்டாலும் கெடுதியில்லை. ஏனெனில் அது முன்பே வெந்தது. சீனாவின் வடபகுதியில் கோதுமை நூடுல்ஸ். தென்பகுதியில் அரிசி நூடுல்ஸ். கோதுமை மாவில் குளூட்டன் என்னும் புரதம் இருப்பதால் அதைப் பிசைந்து இழுத்தால் நூலாக நீளும். அரிசியில் அது இல்லை. அரிசி மாவைப் பிசைந்து இழுத்தால் பிய்ந்துபோகும். அரிசியை நூலாக்க வேறு வழி தேட வேண்டும்.

யுன்னானில் வழங்கும் பழைய முறை இது: அரிசியைச் சில நாள் ஊறவைத்துப் புளிக்கவிட்டு, அரைத்து, நீரை வடித்து, மாவை ஆவியில் வேகவைக்கிறார்கள். வெந்த மாவை அழுத்திச் சிறு துளைகள் வழியாகக் கொதிநீரில் பிழிகிறார்கள். பின்னர்க் குளிர்ந்த நீரில் அலசி எடுக்கிறார்கள். கொங்கு நாட்டில் சந்தகை செய்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. அவர்களும் மாவை முதலில் வேகவைத்து, வெந்ததைத்தானே பிழிகிறார்கள்?

வேகும்போது நடப்பது என்ன? அரிசியின் மாச்சத்து நுண்ணிய மணிகளாக உள்ளது. ஏறத்தாழ 70 டிகிரியை ஒட்டி இம்மணிகள் நீரை உறிஞ்சிப் பருத்துப் பசையாகின்றன. அந்தப் பசைதான் குளூட்டன் இல்லாத குறையை ஈடுசெய்து நூலை ஒட்டவைக்கிறது. குளிர்ந்தபின் மாச்சத்தின் நீண்ட மூலக்கூறுகள் மீண்டும் நெருங்கி அடுக்கப்படுவதால் நூல் இறுகி உறுதி பெறுகிறது. காலையில் மிருதுவாக இருந்த இடியாப்பம் இரவில் விறைத்துப்போவதும் இதனால்தான். சூடான சூப்பில் விழுந்ததும் அந்த இறுக்கம் தளர்ந்து மீசியன் மறுபடியும் மென்மையாகிறது. அதற்கு 77 டிகிரி போதும். வேகவேண்டியது எது, சூடாக மட்டும் வேண்டியது எது என்று பிரித்து அறிந்திருப்பதுதான் அந்த வரிசையின் இரகசியம்.

ஊர்விட்டு ஊர்

ஒரு சிற்றூர் உணவு எப்படி மாகாணம் முழுவதற்கும் உரியதாயிற்று? மெங்ஸி ஒரு மூலையில் கிடந்த ஊர் அன்று. அருகிலுள்ள கெஜியு வெள்ளீயச் சுரங்கங்களுக்குப் பெயர்பெற்றது. 1887-இல் பிரான்சும் சீனாவும் செய்துகொண்ட உடன்படிக்கையின்படி மெங்ஸி அயல்நாட்டு வணிகத்துக்குத் திறந்துவிடப்பட்டது. 1889-இல் அங்கே சுங்க நிலையம் அமைந்தது. பின்னர் வியட்நாமின் ஹைபாங் துறைமுகத்திலிருந்து ஹனாய் வழியாகக் குன்மிங் வரை பிரெஞ்சுக்காரர்கள் மீட்டர் அகல இருப்புப்பாதை அமைத்தார்கள். 1910-இல் அது நிறைவுற்றது. மெங்ஸிக்கு அருகே பிசெஜாய் என்னும் இடத்தில் அதற்கு ஒரு நிலையமும் இருந்தது. வணிகரும் தொழிலாளரும் போகும் பாதையில் உணவும் போகும் என்பது உலக வழக்கு.

1937-இல் ஜப்பானுடன் போர் மூண்டபோது வடக்கே இருந்த பீக்கிங், சிங்ஹுவா, நான்காய் ஆகிய மூன்று பல்கலைக்கழகங்கள் தெற்கே குடிபெயர்ந்தன. முதலில் சாங்ஷா, பின்பு 1938-இல் யுன்னான். மாணவரும் ஆசிரியருமாக ஏறத்தாழ 300 பேர் கொண்ட ஒரு குழு, பெரும்பகுதி கால்நடையாகவே 1,600 கிலோமீட்டருக்கு மேல் கடந்து 68 நாளில் குன்மிங் வந்து சேர்ந்தது. மூன்றும் சேர்ந்து 'தென்மேற்குக் கூட்டுப் பல்கலைக்கழகம்' ஆயிற்று. குன்மிங்கில் இடம் போதாமையால் கலை, சட்டப் பிரிவுகள் 1938-இல் சில மாதங்கள் மெங்ஸியில் நடந்தன. பழைய சுங்க நிலையக் கட்டடமே வகுப்பறை. அருகே இருந்தது அதே தெற்கு ஏரி! கதையின் மாணவர் ஒருவர் படித்ததாகச் சொல்லப்படும் கரையில் இப்போது நூற்றுக்கணக்கான மாணவர்கள் படித்தார்கள்.

குன்மிங்கில் குண்டுவீச்சுக்கு நடுவே தகரக்கூரைக் கொட்டகைகளில் நடந்த அந்தப் பல்கலைக்கழகத்தின் இயற்பியல் மாணவர்களாக இருந்தவர்களே, பின்னர் 1957-இல் நோபல் பரிசு பெற்ற யாங் சென்-நிங்கும் லீ சுங்-தாவும். அங்கே இலக்கியம் படித்த வாங் செங்சி என்னும் எழுத்தாளர் அக்காலக் குன்மிங்கின் மீசியன் கடைகளைப் பற்றிப் பின்னாளில் கட்டுரைகள் எழுதினார். நாட்டின் பல மூலைகளிலிருந்து வந்தவர்கள் போர் முடிந்து 1946-இல் ஊர் திரும்பியபோது யுன்னானின் சுவையையும் நினைவில் சுமந்து சென்றார்கள்.

இன்னொரு சமையலறை

இப்போது நாம் முன்பு மனத்தில் வைத்துக்கொண்ட அந்தப் பெயரில்லாத பெண்ணிடம் திரும்புவோம். எண்ணெயும் நீரும் சந்திக்கும் இடத்தைக் கவனித்தவர் அவர் ஒருவர் மட்டும் அல்லர்.

அமெரிக்கரான பெஞ்சமின் பிராங்க்ளின் இலண்டனை ஒட்டிய கிளாப்பம் என்னும் இடத்துக் குளத்தில் ஒரு தேக்கரண்டி அளவு எண்ணெயை ஊற்றினார். ஏறத்தாழ அரை ஏக்கர் பரப்பில் அலைகள் அடங்கி நீர் கண்ணாடிபோல் ஆயிற்று. 1774-இல் இதை அவர் எழுதி வெளியிட்டார். 4 மில்லிலிட்டர் எண்ணெய் 2000 சதுர மீட்டரில் பரவினால் அதன் தடிமன் என்ன? வகுத்துப் பாருங்கள்: ஒரு மில்லிமீட்டரில் ஐந்து லட்சத்தில் ஒரு பங்கு. மூலக்கூறு ஒன்றின் நீளத்தை ஒத்த அளவு அது! ஆனால் இந்த வகுத்தலை அவர் செய்யவில்லை.

ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, ஜெர்மனியின் பிரௌன்ஷ்வைக் நகரில் ஆக்னஸ் பொக்கெல்ஸ் என்ற இளம்பெண் இருந்தார். 1862-இல் பிறந்தவர். அக்காலத்தில் பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவு திறக்கவில்லை. நோயுற்ற பெற்றோரைக் கவனித்துக்கொண்டு வீட்டு வேலை செய்துவந்தார். பாத்திரம் கழுவும் நீரில் எண்ணெயும் அழுக்கும் மிதக்கும்போது அதன் மேற்பரப்பு எப்படி நடந்துகொள்கிறது என்பது அவரது கவனத்தை ஈர்த்தது. இதுவரை நம் கதையைப் போலத்தான். ஆனால் அவர் இதோடு நிற்கவில்லை. 70 சென்டிமீட்டர் நீளமும் 5 சென்டிமீட்டர் அகலமும் 2 சென்டிமீட்டர் ஆழமும் கொண்ட தகரத் தொட்டி ஒன்றைச் செய்தார். அதில் விளிம்புவரை நீர் நிரப்பி, குறுக்கே ஒரு தகரப் பட்டையை வைத்தார். பட்டையை நகர்த்தி நீரின் மேல் உள்ள எண்ணெய்ப் படலத்தை நெருக்கவும் விரிக்கவும் முடிந்தது. நீர்ப்பரப்பிலிருந்து ஒரு சிறு பொத்தானைப் பிரித்தெடுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதைத் தராசில் அளந்து பரப்பு இழுவிசையைக் கண்டார். அளந்தவற்றை எழுதி வைத்தார். கல்லூரியில் இயற்பியல் படித்த தம்பி கொடுத்த புத்தகங்களே அவருக்கு ஆசிரியர்.

பத்தாண்டுகள் இதை யாரும் அறியவில்லை. இங்கிலாந்தில் ராலே பிரபு இதே துறையில் ஆய்வு செய்வதை அறிந்து, 1891 ஜனவரியில் அவருக்கு ஒரு கடிதம் எழுதினார் பொக்கெல்ஸ். ஜெர்மன் மொழியில் இருந்த கடிதத்தை ராலேயின் துணைவியார் மொழிபெயர்த்தார். புகழ்பெற்ற விஞ்ஞானியான ராலே, அதைத் தம் பெட்டியில் பூட்டி வைத்துவிடவில்லை. 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார்; அது 1891 மார்ச்சு 12-ஆம் நாள் இதழில் வெளியாயிற்று. அமெரிக்கரான இர்விங் லாங்மியூர் இந்த வகைத் தொட்டியை மேலும் திருத்தி 1917-இல் தம் ஆய்வை வெளியிட்டார். பரப்பு வேதியியலுக்காக 1932-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே 1932-இல், பல்கலைக்கழகத்தில் ஒருநாளும் படித்திராத பொக்கெல்ஸுக்குப் பிரௌன்ஷ்வைக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. 1935-இல் அவர் மறைந்தார்.

நீர்ப்பரப்பின் மேல் ஒரு மூலக்கூறு தடிமனே உள்ள படலம் நீர் ஆவியாதலைக் குறைக்குமா என்ற ஆய்வும் இதே வழியில் வளர்ந்தது. எல்லா எண்ணெயும் இதைச் செய்வதில்லை. சீட்டைல் ஆல்கஹால் போன்ற, மூலக்கூறுகள் நெருக்கமாக அடுக்கி நிற்கும் சில பொருள்களே செய்யும். 1950-களில் ஆஸ்திரேலியாவின் வறண்ட பகுதிகளில் நீர்த்தேக்கங்களின் மேல் இதைத் தூவிப் பார்த்தார்கள். காற்று அடித்துப் படலத்தைக் கரைக்கு ஒதுக்கிவிடுவதே பெரிய இடையூறாயிற்று. நம் சூப்புக் கிண்ணத்துக்கு அந்தக் கவலை இல்லை. அதன் ஏடு ஓரிரு மில்லிமீட்டர் தடிமன் உள்ளது. பிராங்க்ளின் குளத்துப் படலத்தைப்போல் பல லட்சம் மடங்கு!

மெங்ஸிப் பெண்ணுக்கும் பிரௌன்ஷ்வைக் பெண்ணுக்கும் கவனிக்கும் ஆற்றலில் வேற்றுமை இருந்ததாகச் சொல்ல இயலாது. ஒருவர் கண்டது உணவாயிற்று, கோடிக்கணக்கானோர் உண்டார்கள், பெயர் மறைந்தது. மற்றவர் கண்டது விஞ்ஞானமாயிற்று. காரணங்கள் மூன்று: அவர் அளந்தார், எழுதி வைத்தார், எழுதியதை வெளியிட ஒருவர் முன்வந்தார். இந்த மூன்றில் கடைசியானது அவர் கையில் இல்லை. நம் சமையலறைகளில் தலைமுறை தலைமுறையாகக் கண்டறியப்பட்டவற்றுள் எத்தனை இந்த மூன்றாவது படியில் நின்றுபோயிருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

முதல் இரண்டு படிகள் நம் கையில் இருப்பவைதாம். மாணவ நண்பர்களே, ஒரே அளவுள்ள மூன்று எவர்சில்வர் டம்ளர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பெரியவர் ஒருவர் துணையுடன் மூன்றிலும் சமஅளவு வெந்நீர் ஊற்றுங்கள். ஒன்றை அப்படியே திறந்து வையுங்கள். இரண்டாவதில் இரண்டு தேக்கரண்டி நல்லெண்ணெய் ஊற்றுங்கள். மூன்றாவதைத் தட்டால் மூடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பமானியால் அளந்து, அரை மணிநேரத்துக்கு அட்டவணை எழுதுங்கள். வரைதாளில் மூன்று கோடுகள் வரையுங்கள். எண்ணெய் டம்ளரின் கோடு எந்தக் கோட்டை ஒட்டிச் செல்கிறது? டம்ளர்களை முன்பே வெந்நீரில் சூடாக்கிக்கொண்டால் கோடுகள் எப்படி மாறுகின்றன? மின்விசிறியைச் சுழலவிட்டால்? ஆய்வகம், விலையுயர்ந்த கருவி எதுவும் இதற்குத் தேவையில்லை.

எண்ணெய் மூடிய டம்ளரில் ஆவி தெரியாது. விரலை மட்டும் விட்டுப் பார்த்துவிடாதீர்கள். முடிவை நாளும் பெயரும் இட்டு நோட்டில் எழுதி வையுங்கள். வீட்டில் அம்மாவோ பாட்டியோ இதைப் பற்றி முன்பே அறிந்த செய்தி ஏதேனும் சொன்னால், அவர்கள் பெயரையும் சேர்த்து எழுதுங்கள்.